மொட்டை மாடியில் ஒரு விமானம்... கயிற்றைப் பிடிக்க ஒரு மச்சான்!

மொட்டை மாடியில் என்னென்ன செய்வோம்? வற்றல் காயப்போடுவோம், துணி உலர்த்துவோம், கரன்ட் போன ராத்திரியில் பாயை விரித்துப் படுப்போம். மும்பை காந்திவலியில் ஒருவர், தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் விமானம் கட்டினார். ரிமோட்டில் பறக்கும் பொம்மை இல்லை. ஆறு பேர் உட்காரக்கூடிய அசல் விமானம்!

அவர் பெயர் அமோல் யாதவ். ஜெட் ஏர்வேஸில் பைலட்டாக இருந்தவர். 1998-லேயே இந்த வேலையில் இறங்கிவிட்டார். முதல் இரண்டு முயற்சிகள் கைகூடவில்லை. மூன்றாவதாகக் கட்டியதுதான் இந்த விமானம். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காக, கிரேன் வைத்து அதை மாடியிலிருந்து இறக்கினார்கள்.

'விமானம் என்றால் பெரிய ஃபேக்டரியில்தானே செய்வார்கள்... வீட்டில் எப்படி முடியும்?' என்று உங்களுக்குத் தோன்றலாம். தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் வராது. நூற்றுக்கணக்கான டன் சரக்கை ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிற தோணிகளை, ஆலை எதுவும் இல்லாமல், கடலோரத்துத் திறந்தவெளியில் மர ஆசாரிகள் கட்டிப் பார்த்த ஊர் அது. வீட்டு விமானத்தின் உடலைப் புரிந்துகொள்ள, அந்தத் தோணித் துறையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

தோணியும் விமானமும் ஒரே சாதி

பாதி கட்டிய தோணி ஒன்றின் உள்ளே நின்று பார்த்திருக்கிறீர்களா? திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் நிற்பது போலிருக்கும். அடியில் நீளமாக ஓடும் மரத்துக்கு 'ஏரா' என்று பெயர். அதிலிருந்து விலா எலும்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து எழுகிற சட்டங்களுக்கு 'வங்கு' என்று பெயர். இவற்றின் மேல் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள சந்துகளில் பஞ்சைத் திணித்து அடைக்கும் வேலைக்குக் 'கலப்பத்து' என்பார்கள்.

இப்போது விமானத்தின் உடலுக்கு வருவோம். இறக்கை, வால், எஞ்சின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மிஞ்சுகிற நீளமான கூடுதான் 'ஃபியூஸ்லாஜ்'. பிரெஞ்சு மொழியில் நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. தக்ளியில் நூல் சுற்றிய கதிர் நடுவில் பருத்து நுனியில் மெலிந்திருக்கும் இல்லையா, அந்த வடிவம்!

இந்தக் கூட்டிலும் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் உண்டு. குறுக்கே வளையம் வளையமாக நிற்கும் சட்டங்களும் உண்டு. இவை தோணியின் வங்குக்குச் சமம். மேலே போர்த்திய தகடுதான் பலகை. ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் இருக்கிறது. தோணியில் பெரும் பாரத்தை ஏராவும் வங்கும் தாங்கும். இன்றைய உலோக விமானத்திலோ மேல்தோலும் சேர்ந்து பாரம் தாங்கும். அதனால்தான் முக்கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத தகட்டை வைத்து நான்கு பேரைத் தூக்கிப்போக முடிகிறது.

நம்ப முடியவில்லையா? கையில் ஒரு கோவில்பட்டித் தீப்பெட்டியை எடுங்கள். உள்ளே இருக்கும் தட்டை உருவிவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் இரண்டு மூலைகளில் பிடித்து அழுத்துங்கள். சாய்ந்து நசுங்கும். தட்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு அழுத்திப் பாருங்கள். அசையாது. வெளிக்கூடுதான் விமானத்தின் தோல். உள்தட்டின் சுவர்கள்தான் குறுக்குச் சட்டங்கள். தனித்தனியாக இரண்டுமே வெறும் அட்டை. சேர்ந்தால் பலம்.

மவுன்ட் ரோட்டில் ஒரு ஹோட்டல்காரர்

'இதெல்லாம் வெளிநாட்டு மோகம், நமக்கு எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சென்னைக் கதை.

1909 ஜூலை 25 அன்று, லூயி பிளெரியோ என்ற பிரெஞ்சுக்காரர் சின்ன விமானம் ஒன்றில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. சென்னை மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவருக்கும் அந்தச் செய்தி தூக்கத்தைக் கெடுத்தது. கேக்கும் இனிப்பும் செய்து பெயர் வாங்கியவர் அவர். விமானம் ஒன்றைத் தானே வடிவமைத்தார்.

கட்டித் தருவது யார்? அவர் போனது சிம்ப்சன் கம்பெனிக்கு. 1840-ல் தொடங்கி, சென்னையின் பெரிய மனிதர்களுக்குக் குதிரைக் கோச்சு வண்டி செய்து கொடுத்த நிறுவனம் அது. மரத்தை வளைக்கவும், இரும்புப் பட்டை பொருத்தவும், கனம் குறையாமல் பலமும், பலம் குறையாமல் கனமும் எங்கே செதுக்கலாம் என்று கணக்குப் பார்க்கவும் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. சின்ன எஞ்சின் பூட்டிய அந்த விமானம் 1910-ல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தது. பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு மக்களுக்கும் காட்டினார் டி ஏஞ்சலிஸ். இந்தியாவின், ஏன், ஆசியாவின் முதல் விமானப் பறத்தல் இதுதான் என்று சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வதுண்டு.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். டி ஏஞ்சலிஸ் ஹோட்டல்காரர். அவருக்குக் கட்டிக்கொடுத்தவர்கள் வண்டி செய்பவர்கள். விமானம் பிறந்ததே பட்டறையில்தான். ஃபேக்டரி பிற்பாடு வந்தது.

மரமா, குழாயா, தகடா, பைபரா?

வீட்டில் விமானம் கட்டுபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, உடலை எதனால் கட்டுவது என்பதைத்தான். நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மரம். ஸ்ப்ரூஸ் மரச் சட்டமும் மெல்லிய பிளைவுட்டும் பசையும் போதும். மரம்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய 'மொஸ்கிட்டோ' போர் விமானத்தின் உடல் மரத்தாலானது. வேர்க்கடலைத் தோடு மாதிரி இரண்டு பாதிகளாகச் செய்து ஒட்டினார்கள். அந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் மேஜை நாற்காலி செய்கிற தச்சர்கள்!

இரண்டாவது வழி, இரும்புக் குழாய். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்து, மேலே துணி போர்த்தி, பூச்சு கொடுத்து விறைப்பாக்குவார்கள். பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் 1958-ல் பறக்கவிட்ட 'புஷ்பக்' இந்த வகைதான். நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் பறக்கப் பழகியது அதில்தான்.

மூன்றாவது, அலுமினியத் தகடு. தகடுகளை வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்து இணைப்பது. இன்று வீட்டு விமானங்களில் பெரும்பங்கு இதற்குத்தான். அமெரிக்காவின் 'வேன்ஸ்' நிறுவனம் விற்ற பாகங்களைக் கொண்டு கட்டி முடித்துப் பறந்த விமானங்கள் மட்டும் 11,000-க்கு மேல்.

நான்காவது வழி தூத்துக்குடி மீனவர்களுக்கு மிக நெருக்கமானது: பைபர். மர வள்ளங்கள் நின்ற கரையில் இன்று பைபர் படகுகள் வரிசை கட்டி நிற்கின்றனவே, அதே கண்ணாடி இழை, அதே மாதிரி ரெசின். 1975-ல் அமெரிக்காவின் பர்ட் ருட்டான், தெர்மோகோல் போன்ற நுரைக் கட்டியைச் செதுக்கி, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை ஒட்டி 'வேரிஈஸ்' என்ற குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். அச்சு தேவையில்லை, பெரிய மெஷின் தேவையில்லை. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய இரண்டு இருக்கை 'ஹன்சா' விமானத்தின் உடலும் பைபர்தான்.

ஆனால் படகுக்கும் விமானத்துக்கும் ஓர் எச்சரிக்கை. படகில் ரெசின் கொஞ்சம் கூடிப்போனால் படகு கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். விமானத்தில் கூடிப்போகிற ஒவ்வொரு கிலோவும், ஏற்ற வேண்டிய பெட்ரோலிலிருந்தோ ஆளிலிருந்தோ கழியும். அதுவும் வால் பக்கம் கனம் கூடினால் ஆபத்தே வேறு. வள்ளத்தில் எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்தால் அணியம் தூக்கிக்கொள்ளுமே, அப்படித்தான். ஆனால் வானத்தில் எழுந்து முன்னால் வந்து உட்கார இடமில்லை!

பத்தாயிரம் துளைகளின் கதை

கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்தவர் அசோக் அலிசெரில் தாமராக்‌ஷன். இன்ஜினீயர். 2006-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனவர் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். குடும்பம் பெரிதானது, வாடகைக்குக் கிடைத்த இரண்டு இருக்கை விமானத்தில் எல்லோரும் ஏற முடியவில்லை. அதனால் தானே கட்ட முடிவு செய்தார். தென்னாப்பிரிக்காவின் 'ஸ்லிங்' நிறுவனத்திடமிருந்து நான்கு இருக்கை விமானத்தின் பாகங்களைத் தருவித்தார். கொரோனா ஊரடங்கு வந்தது. வீட்டுத் தோட்டத்தில் கொட்டகை போட்டு வேலையைத் தொடங்கினார். சுமார் 1,40,000 பவுண்ட் செலவு. அதாவது ஒன்றேகால் கோடி ரூபாய்க்கும் மேலே. 2022-ல் அந்த விமானம் பறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஜி-தியா'. தியா, அவருடைய இளைய மகள். மனைவி, மகள்களோடு அதில் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தார்.

பாகங்கள் பெட்டியில் வந்து இறங்கிவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினிய உடலில் ஒரே வேலையை ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். ஒரு சின்ன விமானத்தில் பத்தாயிரம் ரிவெட்டுகளுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சடங்கே உண்டு.

முதலில் தகடுகளைச் சட்டத்தின் மேல் பொருத்தி, ஸ்பிரிங் வைத்த தற்காலிக ஊசிகளால் பிடித்து நிறுத்துவார்கள். தையல்காரர் மெஷின் தையலுக்கு முன்னால் ஓட்டுத் தையல் போடுவாரே, அது மாதிரி. எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்துத் துளைகளைச் சரியான அளவுக்குப் பெரிதாக்குவார்கள். பிறகு மொத்தத்தையும் பிரிப்பார்கள்!

ஏன் பிரிக்க வேண்டும்? டிரில் போட்ட துளையின் விளிம்பில் மயிரிழைபோல் உலோகப் பிசிறு நிற்கும். அதை ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். தகட்டின் ஓரங்களை விரலால் தடவினால் வழுக்குகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர் அடிக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இடத்தில் இப்போது அடிக்காவிட்டால், அப்புறம் எந்தக் காலத்திலும் பிரஷ் நுழையாது.

உப்பளம் சூழ்ந்த தூத்துக்குடியில் இதன் அருமை எல்லோருக்கும் தெரியும். உப்புக் காற்று பட்டால் ஜன்னல் கம்பியே செதில் செதிலாகக் கொட்டும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். ஆனால் அதுவும் உப்பில் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் நேரடியாக ஒட்டி இருந்து, நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். இரண்டு உலோகமும் ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து, அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும்.

அதன்பிறகு ரிவெட். துளையை எங்கே போடலாம் என்பதற்குக்கூடச் சட்டம் உண்டு. 3.2 மி.மீ. ரிவெட் என்றால், துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 6.4 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். ரிவெட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. ஓரத்துக்கு நெருக்கமாகப் போட்டால், பித்தான் துளை கிழிவது போலத் தகடு கிழியும்.

ஜி-தியா வகை விமானங்களில் ஒரு பக்கமிருந்தே இழுத்து இறுக்கும் ரிவெட்டுகள் போதும். சில வகைகளில் முழு ரிவெட் அடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் தட்டுவார். உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார். அடி விழ விழ அந்த வால் நசுங்கித் தலையாக மாறும். கட்டை கொஞ்சம் சாய்ந்தாலும் ரிவெட் கோணிக்கொள்ளும். அதைத் துளைத்தெடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். உலகெங்கும் வீட்டு விமானங்களில் இந்தக் கட்டையைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் மனைவிகளும் பிள்ளைகளும்தான். ஒல்லியான பிள்ளைகளுக்கு வால் கூட்டுக்குள் நுழைய முடியும் என்பதால் கூடுதல் மரியாதை!

நூலும் தூக்குக் குண்டும்

இத்தனை நுணுக்கத்துக்கும் நடுவில் ஓர் ஆச்சரியம். உடல் நேராக இருக்கிறதா என்று பார்க்க என்ன கருவி தெரியுமா? நம் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு. தச்சர் கட்டும் நூல். தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் பார்ப்பது.

மூக்கிலிருந்து வால் வரை நடுவே நூல் கட்டுவார்கள். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் நடுப்புள்ளியும் அந்த நூலின் கீழ் வர வேண்டும். முன்னால் உள்ள சட்டமும் வாலில் உள்ள சட்டமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தகடுகளை மூடி ரிவெட் அடித்த பிறகு உடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அதை நிமிர்த்த வழியே இல்லை. இறக்கை ஒன்று சொல்லும், வால் ஒன்று சொல்லும். விமானம் ஆயுள் முழுக்க ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே பறக்கும்.

வானத்தில் ஒரு திருப்பத்திலோ காற்றின் குலுக்கலிலோ விமானத்தின் மேல் விழும் பாரம் சாதாரண எடையைப் போல 3.8 மடங்கு வரை போகலாம் என்று சிறு விமானங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்போது 70 கிலோ மனிதர் இருக்கையை 266 கிலோவாக அழுத்துவார். அதற்கும் மேலே ஒன்றரை மடங்கு தாங்கும்படி உடலைக் கட்ட வேண்டும். இந்தப் பாரம் அத்தனையும் போய்ச் சேருவது ஒரு சில போல்ட்டுகளிலும், பிசிறு எடுத்த அந்தத் துளைகளிலும்தான்.

ஒரு துளை என்ன செய்துவிடும்? 1954 சொல்லும். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் 'காமெட்' அந்த ஆண்டு ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இத்தாலி அருகே கடலில் விழுந்தன. 56 பேர் இறந்தார்கள். ஒரு காமெட் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தார்கள். ஜன்னல் போன்ற திறப்புகளின் அருகே, துளைகளின் விளிம்பில் பிறந்த மெல்லிய விரிசல் வளர்ந்து வளர்ந்து உடலையே பிளந்தது தெரிந்தது. வீட்டு விமானங்கள் அந்த உயரத்திலும் அழுத்தத்திலும் பறப்பதில்லை. ஆனாலும் பிசிறைத் தடவிப் பார்க்கும் ஒவ்வொரு விரலுக்கும் காமெட் கற்றுக்கொடுத்த பாடம் தெரியும்.

மூடுமுன் காட்டு

இங்கேதான் முத்துக்குளித்துறை நினைவுக்கு வருகிறது.

மன்னார் வளைகுடாவில் 1961-ல் நடந்ததோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் அதன் கதைகள் இன்னும் கரையில் உலவுகின்றன. குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, முத்துப்பாரில் இறங்குவார். இடுப்புக் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் நிற்பவர் கையில். கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் உயிர் போகும். அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பார்களாம். மச்சான் தன் தங்கையின் தாலியைத் தானே அறுப்பானா?

வீட்டில் விமானம் கட்டுபவருக்கும் அப்படி ஒரு மச்சான் வேண்டும். தன் வேலையைத் தானே பார்த்துத் திருப்திப்படுவது எளிது. எழுதியவர் கண்ணுக்குத் தன் எழுத்துப்பிழை தெரியாதல்லவா? அதனால்தான் நிறைய நாடுகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கூட்டையும் மூடிவிடும் முன்பு, அனுபவப்பட்ட இன்னொருவர் வந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டனில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனின் ஆய்வாளர்கள் இதைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1953-ல் பால் போபெரெஸ்னி தொடங்கிய இ.ஏ.ஏ. சங்கத்தில், ஏற்கெனவே விமானம் கட்டியவர்கள் புதியவர்களின் கொட்டகைக்கே போய்ப் பார்த்து ஆலோசனை சொல்கிறார்கள். அங்கே பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவரே செய்திருந்தால்தான் அது 'வீட்டில் கட்டியது' என்ற கணக்கில் சேரும்.

இந்தியாவில் டி.ஜி.சி.ஏ.வின் பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் ஓர் அடி உயரமும் எழும்பக்கூடாது. அமோல் யாதவ் அந்தப் பதிவுக்காக வருடக்கணக்கில் நடையாய் நடந்தார். 2017 நவம்பரில் சான்றிதழ் கிடைத்தது. 2020-ல் மகாராஷ்டிரத்தின் துலேயில் அவருடைய விமானம் பறந்தது. கட்டுவதற்கு எடுத்த காலத்துக்குக் கொஞ்சமும் குறையாத பொறுமை காகிதத்துக்கும் தேவைப்பட்டது. நம் நாட்டில் வீட்டு விமானம் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இன்றுவரை பெரிய குறை இதுதான். கூட இருந்து பார்த்துச் சொல்லும் கைகள் குறைவு. கட்டி முடித்த பிறகு 'கூடாது' என்று சொல்ல ஆள் இருக்கிறது; கட்டும்போதே 'இந்தத் துளை ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே' என்று சொல்ல ஆள் இல்லை.

அப்படி ஒரு கை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தொடுபுழா அருகே உள்ள கிராமத்தில் பிறந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேச வராது. பள்ளிப்படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து விமானப் பைத்தியம். பல வருடம் சேர்த்த காசில், இரண்டு பேர் உட்காரும் எடை குறைந்த விமானம் ஒன்றைக் கட்டினார். ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அவருக்குத் துணை நின்றார். 2014-ல் அந்த விமானம் பறந்த இடம் எது தெரியுமா? தாமிரபரணிக் கரையின் அம்பாசமுத்திரம் பக்கம், மணிமுத்தாறு. தூத்துக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். 2017-ல் வந்த 'விமானம்' என்ற மலையாளப் படத்துக்கு அவர் வாழ்க்கையே தூண்டுகோல்.

படகில் தொடங்கிய ஒரு பயணம்

நம் வீட்டுப் பிள்ளை ஒன்று யூடியூபைப் பார்த்துவிட்டு, 'நானும் விமானம் கட்டப்போறேன்' என்று வந்து நின்றால் என்ன சொல்வது? சிரிக்க வேண்டாம். 'எஞ்சினை வாங்கிப் பூட்டிப் பற' என்று தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். முதலில் ஒரு சின்ன அலுமினியத் தகட்டையும் ஒரு டிரில்லையும் கொடுங்கள். பத்துத் துளை போட்டு, பிசிறு எடுத்து, ரிவெட் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்தும் ஒரே மாதிரி வந்திருந்தால் பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறது என்று அர்த்தம். படிப்பும் அனுமதியும் பணமும் அதற்கப்புறம் பேச வேண்டிய விஷயம்.

இதே மன்னார் வளைகுடாவின் வடகோடியில், ராமேஸ்வரத்தில், ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் தந்தை கடற்கரையில் மரப்படகு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்தர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போக அந்தப் படகு. கூட இருந்து உதவியவர் உறவினர் அகமது ஜலாலுதீன். படகு நன்றாகவே ஓடியது. ஒருநாள் வந்த புயல் அதைக் கொண்டுபோனது. பையன் வளர்ந்தான். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. கட்டணம் கட்டப் பணம் இல்லை. அக்கா சோகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சோகராவின் கணவர் வேறு யாருமில்லை. படகு கட்ட உதவிய அதே ஜலாலுதீன்தான். பையனின் பெயர் அப்துல் கலாம் என்று சொல்லத் தேவையில்லை.

கலாம் ஆகாயத்துக்கு ஏறியபோதும் கரையில் ஒரு மச்சான் நின்றிருக்கிறார். விமானமோ தோணியோ, கூட்டை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது?